மலையேறாத வெல்லம்

கல்வராயன் மலை அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் எங்கள் டிரஸ்ட் வேனை மறித்துக் கை காட்டியவர் புதிதாக வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர். வாரம் தவறாமல் அந்த வழியாகப் போகிற வண்டி அது. பழைய காவலர்கள் தூரத்தில் பார்த்தாலே தடுப்புக் கம்பியைத் தூக்கிவிடுவார்கள். அன்று கம்பி அசையவில்லை.

“பின்னாடி இன்னா ஏத்திக்கினு போறீங்க?” என்று கேட்டார்.

“மருந்து, எடை பாக்கற மிஷினு, சத்துமாவு,” என்றார் எங்கள் டிரைவர். அவர் ரிஷிவந்தியத்துக்காரர். எதையும் சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று மட்டும் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் பின்கதவைத் திறந்து, மாவு மூட்டைக்குப் பின்னால் இருந்த சாக்கை விரலால் அழுத்திப் பார்த்தார். “இது?”

“வெல்லம் சார்,” என்றேன் நான்.

“எறக்குங்க.”

சாக்கு இறங்கிச் சாவடிச் சுவரோரம் போய்ச் சாய்ந்தது. அங்கே ஏற்கெனவே வேறு யாருடைய சாக்குகளோ கிடந்தன. ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

“மலைக்கு இனிமே வெல்லம் போகக் கூடாது. மேலெடத்து உத்தரவு,” என்றார்.

“கர்ப்பிணிங்களுக்கு சார். சத்துருண்டை புடிக்கறதுக்கு.”

“உங்கள நான் தப்பா சொல்லலைங்க சிஸ்டர். உங்கள விட்டா, நாளைக்கு வெல்லம் கடத்தறவன் ஒரு டிரஸ்ட் போர்டு எழுதி மாட்டிக்கினு வருவான். அவன நான் எப்படி நிறுத்தறது?”

கோபம் வந்தது, ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி என்பதும் தெரிந்தது. நான் சங்கராபுரம் பக்கத்தில் ஒரு கரும்பு விவசாயி வீட்டுப் பெண். எங்கள் ஊரில் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள் உண்டு. நல்ல வெல்லம் கடைக்குப் போகும். தீய்ந்து கறுத்துப்போன வெல்லத்தைத் தேடிக்கொண்டு தனியாக வியாபாரிகள் வருவார்கள். அது எங்கே போகிறது என்று கேட்கிற வழக்கம் யாருக்கும் இல்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். அந்த வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, மரப்பட்டை போட்டு, காட்டுக்குள் பானையில் புதைத்து வைத்தால் ஊறல். காய்ச்சி இறக்கினால் சாராயம். மேலே ஏறிய வெல்லம் கேனில் கீழே இறங்கி வரும். அதைக் குடித்துக் கெட்ட குடும்பங்கள் மலையிலும் இருந்தன, சமவெளியிலும் இருந்தன. தடை போட்டவர்களுக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

ஆனால் என் பக்கமும் காரணம் இருந்தது. நான் நர்ஸ். சேலத்தில் படித்து, அங்கேயே ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகித் தியாகதுருகம் வந்தவள். கள்ளக்குறிச்சியில் உரக்கடை மாடியில் ஒரு சின்ன டிரஸ்ட் நடந்துகொண்டிருந்தது. அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு டாக்டரம்மா அதை ஆரம்பித்திருந்தார். மலைக் கிராமங்களுக்கு வாரந்தோறும் வேன் அனுப்பி, கர்ப்பிணிகளுக்கு ரத்தம் சோதித்து, எடை பார்த்து, மாத்திரை கொடுப்பதுதான் வேலை. நான் சேர்ந்த புதிதில், நாங்கள் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகளில் பாதி வேலியோரத்தில் கிடந்தன. சாப்பிட்டால் வாந்தி வருகிறது, குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகிவிடும் என்று பெண்கள் பயந்தார்கள். கேழ்வரகு, வேர்க்கடலை, எள், வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் அவர்கள் வேனைத் தேடி வந்தார்கள். உருண்டைக்காக வந்து நின்றார்கள், நின்ற இடத்தில் ரத்தம் சோதிக்கக் கை நீட்டினார்கள், பிறகு மாத்திரையையும் விழுங்கினார்கள். வெல்லத்தில் இருக்கிற சத்தைவிட அதன் ருசிதான் எங்களுக்கு அதிகம் உதவியது.

அன்று வெல்லம் இல்லாமலேயே மேலே போனோம். மாவை வெறுமனே பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

“இன்னா நர்சம்மா, இன்னிக்கு உருண்டை இல்லியா?” என்று ஒவ்வொருத்தியும் கேட்டாள். அடுத்த வாரம் போனபோது ஒரு வீட்டு வாசலில் அந்த மாவை ஆட்டுக்குட்டி நக்கிக்கொண்டிருந்தது. வந்த பெண்களும் பாதிதான்.

வராதவர்களில் ஒருத்தி என் மனதிலேயே இருந்தாள். இருபது வயதைத் தாண்டியிருப்பாள். முதல் குழந்தை குறைமாதத்தில் பிறந்து தங்கவில்லை. இது இரண்டாவது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் துணி மாதிரி இருக்கும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழு கிராமைத் தாண்டவில்லை. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்குப் போய் இரும்புச்சத்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவளுடைய மாமியாருக்கு அதில் சம்மதம் இல்லை. “கீழ கூட்டிக்கினு போனா வயித்தக் கிழிச்சிப்புடுவாங்க” என்பது அந்த அம்மாவின் பேச்சு. புருஷன் கேரளத்தில் மிளகுத் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தான். வாரா வாரம் பேசிப் பேசி மாமியாரைப் பாதி வழிக்குக் கொண்டுவந்திருந்தேன். அந்த நேரத்தில்தான் வெல்லம் நின்றது.

மாடி அலுவலகத்தில் டாக்டரம்மாவிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். நான் கொதித்துக்கொண்டிருந்தேன். அவர் தன் சர்க்கரை போடாத டீயைக் குடித்து முடித்தார்.

“கவர்மெண்ட் வேலையில முப்பது வருஷம் நான் அந்தப் பக்கம் உக்காந்திருந்தவ,” என்றார். “உத்தரவு போடறவங்களுக்கு ஒரு பயம் இருக்கும். அந்தப் பயம் என்னன்னு கண்டுபிடி. அதுக்கு ஒரு பதில் கொண்டுபோனா அவங்களே கதவத் திறப்பாங்க. நம்ம நல்லவங்கன்னு போய்ச் சொல்றதுல பிரயோஜனம் இல்ல. எல்லாருமே அதத்தான் சொல்லிட்டுப் போறாங்க.”

மறுநாளிலிருந்து அலுவலகம் அலுவலகமாக ஏறினேன். போலீஸில், இது வருவாய்த் துறை முடிவு என்றார்கள். வருவாய்த் துறையில், கர்ப்பிணி என்றால் சுகாதாரத் துறையைக் கேளுங்கள் என்றார்கள். அங்கே, மருந்து என்றால் நாங்கள், வெல்லம் எப்படி எங்கள் பொறுப்பாகும் என்றார்கள். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. நாற்காலி போட்டார்கள். ஒரு இடத்தில் டீகூடக் கொடுத்தார்கள். காரியம்தான் ஆகவில்லை.

சரி, வெல்லமாகத்தானே போகக் கூடாது என்று நினைத்து, கள்ளக்குறிச்சியிலேயே உருண்டை பிடித்து டின்களில் அடைத்துக் கொண்டுபோனோம். சாவடி வருவதற்கு முன்பு டிரைவர் வண்டியை மெதுவாக்கினார்.

“சிஸ்டர், கேட்டா சர்க்கரை போட்டதுன்னு சொல்லிடுங்க. அவுரு இன்னா நக்கியா பாக்கப் போறாரு?”

“பாத்தா இன்னா பண்ணுவீங்க?” என்றேன்.

சாவடியில் சப்-இன்ஸ்பெக்டர் பார்க்கவே செய்தார். டின்னைத் திறந்து, ஒரு உருண்டையை எடுத்து உடைத்து, மோந்து, வாயில் போட்டுக்கொண்டார்.

“வெல்லம் போட்டதுதானே?”

“ஆமா சார், வெல்லம்தான்.”

டிரைவர் தலையைத் திருப்பிக்கொண்டார். சப்-இன்ஸ்பெக்டர் மென்றபடியே என்னைப் பார்த்தார். பொய்யை எதிர்பார்த்திருந்தார் என்று தோன்றியது.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா இதையே தண்ணியில கரைச்சு ஊறல் போட்டா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கடலையும் எள்ளும் கேவுரும் கலந்த சாராயத்த எவன் சார் குடிப்பான்? ஒரு தடவ குடிச்சான்னா ஜென்மத்துக்கும் குடிய வுட்டுடுவான்.”

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளும் சிரித்தார். சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, ஆனால் குரல் இறங்கியது. “சிஸ்டர், இன்னொண்ணும் இருக்குது. நேத்து காட்டுல பெரிய ரெய்டு. இனிமே வெளியாளுங்க, சங்கம், டிரஸ்ட், எந்த வண்டியும் அனுமதி இல்லாம மேல போகக் கூடாதுன்னு எழுத்து மூலமா வந்திருக்குது. இன்னிக்கி மாத்திரையக்கூட நான் வுட முடியாது.”

அப்படியாக வெல்லத்தோடு சேர்த்து நாங்களும் நின்றோம்.

செய்தி பரவியதும் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். சேலம் பக்கமாகச் சுற்றி ஏறினால் அங்கே இவ்வளவு கெடுபிடி இல்லை என்றார் டிரைவர். டிரஸ்டில் உறுப்பினராக இருந்த ஒருவர், தெரிந்த அரசியல்வாதியைப் பிடிக்கலாம் என்றார். இன்னொருவர் பத்திரிகைக்காரரைக் கூட்டிவருகிறேன் என்றார். டாக்டரம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

“ஒரு தடவ திருட்டு வழியில போயிட்டா, அதுக்கப்புறம் நாம சொல்ற எதையும் அவங்க நம்ப வேண்டியதில்ல. நம்ம கிட்ட இருக்கறது அந்த ஒரு நம்பிக்கைதான்.”

எனக்கு அவர் சொன்னது புரிந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் வெளுத்த இமை கண்ணுக்குள் நின்றது. உத்தரவை மறுபடி மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தேன். வெளியாட்கள் மேலே போகக் கூடாது. வெளி வண்டி மேலே போகக் கூடாது. மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது வெள்ளிமலை பஸ் வந்து நின்றது. மலைப் பெண்கள் மரவள்ளிக் கிழங்குக் கூடையோடு இறங்கினார்கள். அவர்களை யார் நிறுத்தினார்கள்? நாங்கள் ஏறத்தான் தடை. அவர்கள் இறங்கத் தடை ஏதும் இல்லை.

நேராக மாடிக்கு ஓடினேன். “மேடம், முகாம அடிவாரத்துல போடலாம். சாவடிக்கு இந்தப் பக்கம். அவங்க இறங்கி வரட்டும்.”

“வருவாங்களா?”

“வருவாங்க,” என்றேன். எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. ஆனால் அந்தச் சொல் வாயிலிருந்து உறுதியாகத்தான் வந்தது.

மலைமேல் ஒரு அங்கன்வாடி டீச்சர் எனக்குப் பழக்கம். ஊருக்கு வெளியே ஒரு பாறைமேல் ஏறினால்தான் அவருடைய போனுக்கு சிக்னல் கிடைக்கும். சாயங்காலம் அவர் பாறை ஏறுகிற நேரம் எனக்குத் தெரியும். போன் போட்டுச் சொன்னேன். “நான் சொல்லிடறேன் சிஸ்டர். ஆனா காலைல முதல் பஸ்ஸுக்கு வரணும்னா சில பேரு இருட்டுலயே நடக்கணும்,” என்றார். அது தெரிந்துதான் கேட்டேன்.

குறித்த நாளில் சாவடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் சாலையோரப் புளியமரத்துக்கு அடியில் வேனை நிறுத்தினோம். நாற்காலிகளைப் போட்டு, எடை மிஷினை இறக்கி, உருண்டை டின்களை மேசைமேல் வைத்தோம். டாக்டரம்மாவும் அன்று கூட வந்திருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு நடந்து வந்தார்.

“இன்னாங்க இது?”

“கீழதானே சார் இருக்கோம்,” என்றேன்.

அவர் மரத்தைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் எங்கள் சக்கரம் ஒன்றுகூட இல்லை. “ரோட்ட மறிக்காம பாத்துக்கங்க,” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

முதல் பஸ் வளைவில் திரும்பி இறங்கி வந்தது. சாவடியில் நின்றது. முதலில் ஒரு கிழவர் இறங்கினார், பிறகு மிளகு மூட்டையோடு ஒரு ஆள். அதற்குப் பிறகு ஒரு சேலை முந்தானை தெரிந்தது. ஒருத்தி பின்னால் ஒருத்தியாக இறங்கிக்கொண்டே இருந்தார்கள். சிலர் கைக்குழந்தையோடு, சிலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பஸ்ஸே காலியாகிவிட்டது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, “இன்னா சிஸ்டர், என் கலெக்‌ஷன மொத்தமா இங்கியே எறக்கிட்டீங்க!” என்றார்.

நான் தேடியவள் கடைசியில் இறங்கினாள். கூடவே மாமியார். சாவடியைத் தாண்டி நடக்கும்போது அந்தப் பெண் கால் தள்ளாடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப் போவதற்குள் சப்-இன்ஸ்பெக்டர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கான்ஸ்டபிள் தண்ணீர் கொடுத்தார். அவளுக்கு மூச்சு வாங்கியது. உதடு நிறமே இல்லாமல் இருந்தது.

“இந்த நெலமையில எதுக்கும்மா இவ்ளோ தூரம் இட்டுக்கினு வந்தீங்க?” என்று மாமியாரைக் கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

அந்த அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். “வண்டி மேல வந்துக்கினு இருந்துச்சிங்க ஐயா. நீங்கதான் நிறுத்திட்டீங்க. அதான் நாங்க எறங்கி வந்தோம்.”

“சாராயம் காச்சறதுக்கு வெல்லம் போவுது, அதான் தடை. உங்களுக்காவத்தாம்மா.”

“தெரியுங்க. எம்மவனே ஊறல் போட்டவன்தான். போன வருசம் உங்க ஆளுங்கதான் புடிச்சிக்கினு போனாங்க. புடிச்சது நல்லதாப் போச்சி. இப்ப கேரளாவுல கூலி வேல செய்யறான், குடி இல்ல. நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்.” கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். “ஆனா ஊறல் போடறவன் வெல்லத்த நர்சம்மா வண்டியில ஏத்திக்கினு போவல ஐயா. அவன் காட்டு வழியில தல மேல தூக்கிக்கினு போறான். நீங்க இங்க கம்பி போட்டுக்கினு ஒக்காந்திருக்கீங்க. அவன் உங்களப் பாக்கறதே இல்ல.”

சப்-இன்ஸ்பெக்டர் முகம் இறுகியது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “அந்த வழி எங்கன்னு அப்புறமா எனக்குக் காட்டுவீங்களாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

“அத எம்மவன் வந்தா கேளுங்க,” என்றார் அந்த அம்மா.

டாக்டரம்மா பெண்ணைச் சோதித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். “இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இந்த நிலைமையோட மேல அனுப்பக் கூடாது.” நான் மாமியார் பக்கத்தில் போய்க் குந்தினேன். மலைமேல் இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவர், அன்று எழுந்து போகவில்லை. மருமகள் தரையில் உட்கார்ந்ததை அவரும் பார்த்திருந்தார்.

“வயித்தக் கிழிக்க மாட்டாங்களே?”

“கையில ஊசி. அவ்ளோதான். நான் கூடவே இருக்கேன்.”

“நானும் வருவேன்.”

“நீங்க வராம எப்படி?”

மலையிலிருந்து என்றால் கள்ளக்குறிச்சி அரை நாள் பயணம். அடிவாரத்திலிருந்து எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது! வேனின் பின்சீட்டில் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் போனோம். கோமுகி அணைப் பக்கம் வரும்போது அந்தப் பெண் ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஒரு உருண்டையைத் தின்று முடித்திருந்தாள். அன்று ஊசி ஏறியது. அடுத்தடுத்த ஊசிகளுக்கும் அவளை மாமியாரே அழைத்துக்கொண்டு வந்து போனார்.

அடிவார முகாம் தொடர்ந்து நடந்தது. ஆனால் அதிலும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. உருண்டையை அங்கேயே தின்னலாம், மேலே எடுத்துக்கொண்டு போகக் கூடாது. வாரத்துக்கு ஒரு உருண்டையால் யாருக்கும் ரத்தம் ஊறாது. தவிர, நிறைமாதக்காரிகளை ஒவ்வொரு வாரமும் பஸ் ஏற்றி இறக்குவது ஆபத்து. இது தற்காலிகம் என்று எனக்குத் தெரியும். சப்-இன்ஸ்பெக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் முகாம் முடிந்து சாமான்களை ஏற்றும்போது அவரே வந்தார்.

“நான் மேல எழுதி அனுப்பியிருக்கேன் சிஸ்டர். உங்க வண்டியில தப்பா எதுவும் பாக்கலன்னு. முடிவு எடுக்கறது நான் இல்ல. ஆனா போயி பாருங்க.”

கோட்டாட்சியர் அலுவலகத்தில் எங்களுக்கு நேரம் கிடைத்தது. கோட்டாட்சியர் என்னைவிட வயதில் சின்ன பெண். மேசைமேல் ஒரு டிபன் பாக்ஸ் திறக்கப்படாமல் இருந்தது. டாக்டரம்மா பேசுவார் என்று நினைத்து நான் ஓரமாக உட்கார்ந்தேன். அவரோ, “மலைக்குப் போறது இவங்கதான். இவங்களே சொல்லட்டும்,” என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டார்.

நான் சொன்னேன். வெல்லத்தை எங்கள் வண்டியில் ஏற்ற மாட்டோம். மலைமேல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருந்து ஏற்றிப் போகிற அரசு வண்டியிலேயே அது போகட்டும். அங்கே ஒரு அறையில் பூட்டி வைக்கலாம். ஒரு சாவி அரசு நர்ஸிடம், ஒன்று எங்களிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். உருண்டையை அங்கேயே, மலைப் பெண்களை வைத்தே பிடிக்கலாம். மாவோடு கலக்காத வெல்லம் அந்த வாசலைத் தாண்டாது. போலீஸ் எந்த நாளும், சொல்லாமலே வந்து பார்க்கலாம்.

“வெல்லம் குறைஞ்சா?” என்று கேட்டார் கோட்டாட்சியர்.

“அன்னிக்கே நிறுத்திடுங்க மேடம். நாங்க வந்து கேக்க மாட்டோம்.”

டாக்டரம்மா என் பக்கம் சட்டென்று திரும்பினார். அவ்வளவு பெரிய வாக்கு கொடுக்கச் சொல்லி அவர் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்தப் பெண்களைத் தெரியும். கொடுக்கலாம் என்று நிச்சயமாகத் தோன்றியது, கொடுத்தேன்.

கோட்டாட்சியர் நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார். பிறகு தன் பங்குக்கு மூன்று நிபந்தனை போட்டார். வேனில் எப்போதும் கிராம சுகாதார நர்ஸ் ஒருவர் கூட வர வேண்டும். வேனில் டிரஸ்டின் பெயர்ப்பலகை இருக்கக் கூடாது, பயனாளிகளைப் போட்டோ எடுக்கக் கூடாது.

முதலாவது எனக்குச் சந்தோஷம். மற்ற இரண்டும் சுருக்கென்று தைத்தன. அந்தப் பலகையை நாங்களே பெயின்ட் அடித்து மாட்டியிருந்தோம். தவிர, பணம் தருகிற உறுப்பினர்கள் போட்டோ கேட்பார்கள். நான் வாய் திறப்பதற்குள் டாக்டரம்மா, “சரிங்க,” என்றுவிட்டார்.

படியிறங்கும்போது கேட்டேன். “மேடம், நம்ம பேரக்கூட எடுக்கணுமா?”

“பேர வச்சுக்கிட்டு கீழயே நிக்கறதா, பேர கழட்டிட்டு மேல போறதா? நீயே சொல்லு.”

“போட்டோ இல்லன்னா உறுப்பினருங்க கேப்பாங்களே?”

“அவங்களுக்குப் பதில் சொல்றது என் வேல. நீ மலைக்குப் போ.”

உறுப்பினர்களில் ஒருவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு விலகிப் போனதும் நடந்தது. டாக்டரம்மா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. பலகையை டிரைவர்தான் கழற்றினார். கழற்றிய இடத்தில் வெயில் படாத பெயின்ட் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. “இப்ப பாருங்க, கல்யாண வேன் மாதிரி இருக்குது,” என்று சொல்லிக்கொண்டே திருகாணிகளைப் பையில் போட்டுக்கொண்டார்.

அனுமதி கைக்கு வந்த பிறகு முதல் தடவை மலை ஏறிய நாள் நல்ல மழைமூட்டம். சாவடிக் கம்பி உயர்ந்தது. சுகாதார நிலையத்துப் பின்கட்டில் பெரிய உருளி அடுப்பில் ஏறியிருந்தது. வெல்லம் பாகாகிக் கொதிக்க ஆரம்பித்ததும் அந்த வாசனை வெளியே காத்திருந்தவர்கள் வரை போனது. ஒவ்வொருத்தியாக எட்டிப் பார்த்தார்கள். உருண்டை பிடிக்க வந்தவர்களில் அந்த மாமியாரும் ஒருவர். கையில் எண்ணெயைத் தொட்டுக்கொண்டு மற்றவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். “இறுக்கிப் புடிங்கடி. வூட்டுக்குப் போறதுக்குள்ள உதுந்துடப் போவுது.”

வெல்லம் இதுவரை குறையவில்லை. சொல்லாமல் போலீஸ் வந்து பார்த்ததும் உண்டு. வந்தவர்களுக்குப் பூட்டைத் திறந்து காட்டினோம், பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அதில் குறைச்சல் எதுவும் தெரியவில்லை. சோதனை போடுகிறவர்களை எதிரி என்று நினைத்த காலம் ஒன்று எனக்கும் இருந்தது. இப்போது கட்டுப்பாடு என்றால் முதலில் அதை வார்த்தை வார்த்தையாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். எது கூடாது என்று தெளிவாகத் தெரிந்துவிட்டால், எது கூடும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. போன மழைக்காலத்தில் மண் சரியும் என்று வேன், லாரிகளை நிறுத்தினார்கள். நாங்கள் சின்ன வண்டிக்கு மாறினோம். கோயில் திருவிழா நேரத்தில் கூட்டம் கூடக் கூடாது என்றார்கள். வீடு வீடாக நடந்தோம். கால் வலித்தது, வேலை நிற்கவில்லை.

அந்தப் பெண்ணுக்குக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில்தான் பிரசவம். பகல் வேளை. நான் வார்டுக்கு வெளியே நின்றிருந்தேன். மாமியார் பெஞ்சில் உட்காராமல் அங்குமிங்கும் நடந்தபடி, போகிற வருகிற நர்ஸ்களை எல்லாம் நிறுத்தி, “கிழிக்கலியே?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். கிழிக்கவில்லை. பெண் குழந்தை, நல்ல எடை. துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தபோது, அவர் குழந்தையின் கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தார். நான் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது அது. சிவப்பாக இருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன், பிறகு இரண்டு பேருமே அழுதுவிட்டோம்.

போன வாரம் அவர்கள் ஊருக்குப் போயிருந்தேன். குழந்தை இப்போது தவழ்கிறது. தாய்க்கு முகத்தில் சதை பிடித்திருந்தது. ரத்தம் சோதித்துவிட்டு உருண்டைப் பொட்டலத்தைக் கொடுத்தேன். ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றுகொண்டே முகத்தைச் சுளித்தாள்.

“இன்னா நர்சம்மா, இந்தத் தடவ எள்ளு கம்மியா இருக்குது?”

“எள்ளு வெல ஏறிப்போச்சு. அதான்.”

“அதுக்கு? எங்க அத்தகிட்ட சொல்லுங்க. கொல்லையில வெதைச்சத எடுத்தாந்து தருவாங்க. இப்படி செஞ்சா யாரும் திங்க மாட்டாங்க, நான் இப்பவே சொல்லிட்டேன்.”

சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.